வந்துகினு கீது

2007 ஜனவரி 11, வியாழக்கிழமை, பரணி தாம்பரத்தை விட்டுப் போனான். போகிக்கு இன்னும் மூன்று நாள். மதுரை போகும் பகல் வண்டிக்கு, பைகளும் குழந்தைகளுமாக நடைமேடை கொள்ளாத கூட்டம். பரணியிடம் ஒரே ஒரு தோள்பை இருந்தது. வழியனுப்ப நான் மட்டும் போயிருந்தேன். வருகிறோம் என்று சொன்ன வீட்டாரை அவன் தடுத்துவிட்டான். அவன் குப்பத்தில், பெரிய கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டிருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நிஜமா எங்க போறே?" என்றேன்.

"வேடசந்தூர் பக்கம் நூல் மில்லு. கரண்ட் வேலை. கடல் தெரியாத ஊரா பாத்தேன்."

"நூல் மில்லா?"

"ஆமா. ஆபீஸ்ல த்ரெட் வேணாம் வேணாம்னு அடிச்சுகினேன் இல்ல? இப்ப ஆயுசுக்கும் த்ரெட்டுதான்."

சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டான். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அண்ணிகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பரணி..."

"நீயும் சொல்லாத மஹா. அது நான் சொல்ல வேண்டியது."

வண்டி வந்தது. ஏறினான். கதவருகே நின்றவர்களின் தலைகளுக்குப் பின்னால் அவன் முகம் மறைந்துபோனது. அவன் அண்ணியிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். அது என்னவென்று புரிய வேண்டுமானால், அவன் எழுதிய ஒரு புரோகிராமைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

*

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. மொத்தம் ஏழு பேர். முதலாளி ராஜகோபால் சார் பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். நான் பொழிச்சலூரிலிருந்து போய்வந்தேன். மற்றவர்கள் எழுதும் புரோகிராமை உடைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு டெஸ்ட்டிங் என்று பெயர். 2005 ஜூனில் நான் சேர்ந்த அன்று பரணி என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "வா டெஸ்ட்டரம்மா, இன்னிக்கு யாரு கழுத்த அறுக்கப் போற?" என்பது.

அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நொச்சித்திட்டு குப்பம் அவன் ஊர். அப்பா இல்லை. அண்ணன் துலுக்காணம் பத்து வயது மூத்தவர். அவர்தான் கடலுக்குப் போய் இவனைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார். புரோகிராம் எழுதுவதை இவன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டான். சுனாமியில் வீடும் படகும் போயின. ஆட்கள் தப்பினார்கள். அதன்பிறகு ஒரு தொண்டு நிறுவனம் குப்பத்துக்கு ஃபைபர் படகுகள் கொடுத்தது. அந்தப் படகுகளில் வைக்க ஒரு பெட்டியும் கொடுக்க நினைத்தது. அந்தப் பெட்டியின் வேலைதான் எங்களுக்கு வந்தது.

செருப்புப் பெட்டி அளவில் இருக்கும் அது. உள்ளே செல்போனில் போடுகிற மாதிரி ஒரு சிம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, படகு எங்கே இருக்கிறது என்று தாம்பரத்தில் எங்கள் கணினிக்குச் செய்தி அனுப்பும். மேலே ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் அதை அழுத்த வேண்டும். செய்தி போய்ச் சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும். எங்கள் கணினி உடனே குப்பத்துப் பெரியவர்களின் செல்போன்களுக்கு, இன்ன படகு, இன்ன இடம் என்று குறுஞ்செய்தி அனுப்பும். கரையில் இருப்பவர்கள் படகை எடுத்துக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான் திட்டம். இந்த இணைப்பின் ஒவ்வொரு முனைக்கும் சாக்கெட் என்று பெயர். படகில் ஒரு முனை, தாம்பரத்தில் ஒரு முனை.

தாம்பரம் முனையை முதலில் எழுதியவர் ராஜகோபால் சார். அவர் செய்தது, ஒரு படகுக்கு ஒரு த்ரெட். அதாவது கணினிக்குள் ஒவ்வொரு படகுக்கும் தனியாக ஒரு வேலையாள். அந்த ஆளுக்கு வேறு வேலை கிடையாது. தன் படகு பேசும்வரை காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்பது படகுகளுக்கு இது நன்றாகவே ஓடியது. இன்னும் நான்கு குப்பங்கள் சேர்ந்து இருநூறைத் தாண்டியதும் கணினி திணற ஆரம்பித்தது. கடலில் சிக்னல் விட்டுவிட்டு வரும். இணைப்பு அறுந்து மறுபடி வரும்போதெல்லாம் புதிதாக ஓர் ஆள் உட்காருவான். அறுந்துபோன இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய ஆளும் எழுந்து போகமாட்டான். மத்தியானத்துக்குள் ஆயிரம் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உட்காருவதற்கே இடம் வேண்டுமே. கணினி மூச்சுமுட்டி நின்றுவிடும்.

பரணி அதைப் பார்த்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சார், இத்தினி பேரு இன்னாத்துக்கு? எங்கம்மா ஒருத்தியே மொத்தக் கரையையும் பாத்துக்குது."

"உங்கம்மாவா? அவங்களுக்கும் சர்வருக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"வந்து பாருங்க சார்."

சார் போகவில்லை. நான் போனேன். பரணியின் அம்மா அங்காளம்மாள் குப்பத்துக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். காலை ஏழு மணிக்கு மணலில் நடுவாக நின்றிருந்தார். எந்தப் படகுக்கும் பக்கத்தில் அவர் காத்திருக்கவில்லை. எது கரை தொடுகிறதோ அதனிடம் போனார், கூடையைக் கவிழ்க்கச் சொன்னார், விலை கத்தினார், முடித்தார், அடுத்ததற்குப் போனார். ஒருவன் வலை கிழிந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான். "அப்பறமா வந்து அழு, தோ பின்னால ரெண்டு போட்டு நிக்குது" என்று அவனைத் தள்ளிவிட்டு நடந்தார்.

"பாத்தியா?" என்றான் பரணி. "இதான் ஈவென்ட் லூப்பு. ஒரே ஆளு. சுத்திகினே இருக்கணும். எவன் கூப்ட்டானோ அவன்கிட்ட போவணும், வேலைய முடிக்கணும், நகரணும். ஒரே ஒரு சட்டம்தான். எவன்கிட்டயும் நின்னுகினு காத்துகினு இருக்கக் கூடாது. நின்னா மொத்தக் கரையும் நின்னுரும்."

அந்தச் சட்டம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. இதை நான் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் போலிருக்கிறது. எனக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

ஆறு வாரத்தில் புரோகிராம் முழுவதையும் மாற்றி எழுதினான். ஒரே ஒரு த்ரெட். இருநூற்றுப் பத்து படகுகளை அது சுற்றிச்சுற்றி வந்து கேட்டது. கணினி முன்னைப்போலக் கொதிக்கவில்லை. ராஜகோபால் சார் எங்கள் ஏழு பேருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். பரணி அந்த நாட்களில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

*

அந்தப் புரோகிராமில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் தொழிலில், மறுமுனையிலிருந்து சத்தம் வராத இணைப்பை 'டெட்' என்போம். சார் எழுதிய பழைய புரோகிராம் திரையில் அப்படித்தான் காட்டும்: போட் 12 டெட், போட் 40 டெட். பரணி முதல் வேலையாக அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளில் 'வந்துகினு கீது' என்று போட்டான்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

"எங்க குப்பத்துல கடலுக்குப் போன போட்ட வரலன்னு சொல்லமாட்டாங்க. ரெண்டு நாளு ஆனாலும் சரி, யாரு கேட்டாலும் 'வந்துகினு கீது'ன்னுதான் சொல்லணும். வேற மாதிரி சொன்னா எங்கம்மா விளக்குமாத்த எடுத்துரும்."

சிவப்புப் பொத்தானுக்கு மட்டும் அவன் தனி ஏற்பாடு செய்திருந்தான். யாராவது அழுத்தினால், கணினி 'கேட்டுச்சு' என்று பெட்டிக்குப் பதில் அனுப்பும். பெட்டி பீப் என்று சத்தம் போட்டுவிட்டு, சத்தம் போட்டேன் என்று திரும்பச் சொல்லும். அதைக் கேட்டபிறகுதான் கணினிக்கு நிம்மதி. அந்தத் திரும்பச் சொல்லலுக்காகக் காத்திருக்க முதலில் தனியாக ஒரு த்ரெட் வைத்தான். நான் அதை உடைத்தேன். லூப்பும் அந்த த்ரெட்டும் ஒரே சமயத்தில் படகுப் பட்டியலில் எழுதப்போய், பதினெட்டாம் எண் படகின் ஆபத்து எழுபதாம் எண் படகின் பெயரில் வந்தது. ஒரே கூடையை இரண்டு பேர் ஏலம் விட்ட கதை. சரிசெய்ய ஒரு வாரம் வேண்டும். தொண்டு நிறுவனத்தார் திங்கட்கிழமை பார்வையிட வருவதாக இருந்தது. அன்று வெள்ளி.

பரணி அந்த த்ரெட்டைத் தூக்கிவிட்டு, காத்திருப்பதை லூப்புக்குள்ளேயே வைத்துவிட்டான்.

"நின்னு காத்திருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்றேன்.

"செவப்பு பட்டன் தெனமுமா அமுக்கப் போறான்? எப்பவோ ஒண்ணு. அமுக்கினா நாலு செகண்டுல பதில் வந்துரும். நாலு செகண்டு நிக்கலாம்."

"வரலன்னா?"

"வரும்."

"முப்பது செகண்டுன்னு ஒரு டைம் அவுட் போடு. அதுக்கு மேல காத்திருக்காம அடுத்த போட்டுக்குப் போகட்டும்."

அவன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். "ஒருத்தன் நடுக்கடல்ல நின்னுகினு காப்பாத்துன்னு கத்தறான். முப்பது எண்ணிட்டு, உனக்கு டைம் ஆயிருச்சுன்னு வுட்டுட்டுப் போவச் சொல்றியா?"

"அது வெறும் கம்ப்யூட்டர் பரணி."

"கம்ப்யூட்டருக்கு எழுதறது நானு."

என் டெஸ்ட் பட்டியல் அவன் மேசையில் இருந்தது. பதினேழாவது வரியாக நான் எழுதியிருந்தேன்: பொத்தான் அழுத்தப்பட்டபின் பெட்டி தண்ணீரில் மூழ்கிப் பதில் தராமல் போவது. அதன்மேல் விரலை வைத்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"இத்த மட்டும் எழுதாத மஹா. எங்கண்ணன் போட்டு இதுல கீது. முப்பத்தொண்ணாம் நம்பரு. போட்டு முழுவறத எழுதி வெச்சு, நானே உக்காந்து டெஸ்ட் பண்றதா? வேணாம். பாவம்."

நான் அந்த வரியை அடித்துவிட்டேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, சோம்பலிலும் இல்லை. அவன் மனம் நோக வேண்டாம் என்றுதான். திங்கட்கிழமை எல்லாம் அழகாக நடந்தது.

*

2006 அக்டோபர் 18, புதன். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. விடியற்காலையில் திடீரென்று காற்று கிளம்பியது.

அடுத்த குப்பத்துச் சவுரிமுத்துவின் படகு முதலில் மாட்டிக்கொண்டது. ஐந்து முப்பத்தெட்டுக்கு அவர் பொத்தானை அழுத்தினார். எங்கள் கணினி குறுஞ்செய்தி அனுப்பியது. 'கேட்டுச்சு' என்று பதிலும் அனுப்பியது. அந்தப் பதிலை வாங்கிய கையோடு பெட்டி அலையில் விழுந்து மூழ்கிவிட்டது. சவுரிமுத்துவை அவர் மச்சான் படகு ஆறு மணிக்கெல்லாம் கரை சேர்த்துவிட்டது. அவர் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, எங்கள் புரோகிராம் அவர் பெட்டி பேசுவதற்காக அதே இடத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது. லூப் சுற்றவில்லை. இருநூற்றொன்பது படகுகள் பேசியதை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் படகுகளில் எல்லாம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏனென்றால் செய்தியை வாங்கி வைப்பது கணினி. எடுத்துப் படிப்பது எங்கள் புரோகிராம். இரண்டும் வேறுவேறு. வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் தபால்காரர் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார் அல்லவா, அப்படி. போட்டாகிவிட்டது என்பதற்குத்தான் அந்தப் பச்சை. படித்தாகிவிட்டது என்பதற்கு இல்லை.

நான் ஏழே முக்காலுக்கு அலுவலகம் போனேன். பரணி எனக்கு முன்னால் வந்திருந்தான். மேடவாக்கம் வழியாக வந்த பஸ்ஸில் மழைச்சாரல் அடித்துச் சட்டை நனைந்திருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரி ஐந்து முப்பத்தெட்டில் நின்றிருந்தது.

"நெட்டு பூட்ச்சா?" என்றான். கேபிளை ஆட்டிப் பார்த்தான். குப்பத்துக்குப் போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. புரோகிராமை நிறுத்தித் திரும்பப் போடலாம் என்று அவன் கை வைத்த நேரம், எட்டு மூன்றுக்கு, வெகுநேரம் பேச்சில்லாமல் கிடந்த சவுரிமுத்துவின் இணைப்பை செல்போன் கம்பெனியே வெட்டிவிட்டது. புரோகிராம் விழித்துக்கொண்டது. இரண்டரை மணி நேரமாகச் சேர்ந்துகிடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் படித்தது. திரையில் வரிகள் நிற்காமல் ஓடின.

மூன்று வரிகள் சிவப்பு. போட் 31, ஐந்து ஐம்பத்திரண்டு. போட் 31, ஐந்து ஐம்பத்தேழு. போட் 31, ஆறு இருபது.

பரணி கத்தவில்லை. திரையில் ஓடி மேலே போய்விட்ட வரியைக் கீழே இழுத்துக் கொண்டுவந்து, விரலை வைத்து ஒருமுறை படித்தான். பிறகு எங்கள் கணினி அதற்கான குறுஞ்செய்தியை அனுப்பிய நேரத்தைப் படித்தான். எட்டு மூன்று.

"ரெண்டு மணி பதினோரு நிமிசம்" என்றான்.

கரையிலிருந்து அந்த இடம் நாற்பது நிமிடம்.

*

துலுக்காணத்தோடு படகில் போயிருந்தவன் உதயா, துலுக்காணத்தின் மனைவி கோகிலவாணி அண்ணியின் தம்பி. எட்டு ஐம்பதுக்கு, கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டிருந்த உதயாவைக் கண்டெடுத்தார்கள். துலுக்காணத்தின் உடல் மூன்றாம் நாள், தீபாவளியன்று, தெற்கே ஒதுங்கியது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போனேன். ஷாமியானா போட்டிருந்தார்கள். உதயா எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, எத்தனையாவது தடவையோ, சொல்லிக்கொண்டிருந்தான்.

"போட்டு சாயறப்பவே மாமா பட்டன அமுக்கிட்டாரு. பச்சை எரிஞ்சுது. நான் சொன்னேன், மாமா, தோ அங்க ஒரு போட்டு தெரியுது, காலி கேன கட்டிகினு நீந்திரலாம்னு. அவரு வுடல. 'டேய், பச்சை எரிஞ்சுதுடா, எந்தம்பி கேட்டுட்டான், ஆள அனுப்பிருப்பான், போட்ட வுட்டுப் போவாத'ன்னாரு. அவருக்கு வெலாவுல அடி. ஏழரை வரைக்கும் பிடிச்சுகினு இருந்தாரு."

"பீப் சத்தம் கேட்டுச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்தக் காத்துல பீப்பு எங்கப்பா கேக்கும்? பச்சை எரிஞ்சுது. அவ்ளோதான்."

ஊர்த் தலைவர் சாம்பசிவன் எழுந்தார். "நம்ம புள்ள அவன் வேலைய கரெக்டா செஞ்சான். அதிகாரிங்கதான் வரல. நம்ம செல்லுக்கே செய்தி எட்டு மணிக்குதான் வந்துச்சு. நடுவுல எவனோ அமுக்கிட்டான். நான் கலெக்டராண்டயே கேக்கப் போறேன்" என்று சொல்லிப் பரணியின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார். பரணி குனிந்த தலை நிமிராமல் நின்றான். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அண்ணி இலை போட்டுக்கொண்டிருந்தார். பரணி எழுந்து அவர் பக்கத்தில் போனான். நான் கேட்கும் தூரத்தில் இருந்தேன்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல சாப்டு."

"இல்ல அண்ணி, அந்த பொட்டி..."

"அந்த பொட்டிக்கு நான் தெனம் கும்புடு போடறேன். நீ அங்க கீறன்ற தெம்புலதான் அவரு போயிருக்காரு. பயந்து சாவல. அது போதும் எனக்கு. குந்து, சாப்டு."

அவன் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான். எழுந்து பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

அலுவலகத்தில் ராஜகோபால் சார் தொண்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். "நெட்வொர்க் இஷ்யூன்னு போட்டுக்கலாம் பரணி. டெக்னிக்கலா பார்த்தா அது பொய் இல்லையே. கம்பெனி போச்சுன்னா ஏழு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்."

"கரெக்ட் சார்" என்றான் பரணி. அன்றே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினான். சிவப்புப் பொத்தானின் பதிலையும் மற்றவற்றைப்போலவே லூப் சுற்றிவந்து கேட்டுக்கொள்ளும். இருபது நொடிக்கு மேல் போனால் குறித்து வைத்துவிட்டு நகரும். எல்லாம் சேர்ந்து நான்கு வரி. என்னைக் கூப்பிட்டு, "டெஸ்ட் பண்ணு" என்றான். செய்தேன். பெட்டி மூழ்குவதையும் செய்தேன். பாஸ்.

"நாலு வரி மஹா" என்றான். அதன்பிறகு அலுவலகத்தில் அவன் யாரிடமும் சிரித்துப் பேசி நான் பார்க்கவில்லை.

*

அவன் போன இரண்டாவது மாதம் நானும் வேலையை விட்டேன். ராஜஸ்தான், லடாக், நேபாளம், பர்மா எல்லை என்று இரண்டரை வருடம் சுற்றினேன். வீட்டில் எனக்குக் காலில் சக்கரம் என்றார்கள். உண்மை என்னவென்றால், ஓர் இடத்தில் உட்கார்ந்தால் அடித்துப்போட்ட அந்தப் பதினேழாவது வரி கண் முன்னால் வந்து நிற்கும். எங்கே போனாலும் வந்தது. 2009 ஆகஸ்டில் பொழிச்சலூருக்கே திரும்பிவிட்டேன். மாடிக்கு மேலே முன்போலவே விமானம் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி போன வருடமே மூடப்பட்டிருந்தது. முடிச்சூர் சாலையில் அந்த மாடியில் இப்போது தையல் வகுப்பு நடந்தது.

செப்டம்பரில் நொச்சித்திட்டுக்குப் போனேன். கோகிலவாணி அண்ணி மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பரணி எப்டி கீறான்? காசு அனுப்பறான், ஆளு வரமாட்டேங்கறான். பெரிய வேலைனா லீவு தரமாட்டாங்களாமே?"

ஆமாம் என்றேன்.

கரைக்கு நடந்தேன். படகுகளில் அந்தப் பெட்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிலவற்றுக்குப் பூவும் வைத்திருந்தார்கள். பேட்டரி கொடுத்தால் சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கும். சிம்முக்கு உயிர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உதயா வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"வாக்கா! நேத்து வந்திருக்கணும் நீ. மேகம் கருத்துகினு வந்துச்சு பாரு, எல்லாப் பயலும் திரும்பி ஓடியாந்துட்டான். நாங்க மட்டும் நின்னோம். செம மீனு."

"ஏன் நின்னீங்க?"

"பொட்டி கீதே."

"உதயா, அது இப்ப வேலை செய்யாது. தாம்பரத்துல அத கேக்கற கம்ப்யூட்டரே கிடையாது. கம்பெனிய மூடிட்டாங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "கம்பெனி எவனுக்கு வேணும்? பட்டன அமுக்கினா பரணிக்குப் போவும். எங்க இருந்தாலும் கேப்பான். அன்னிக்குக் கேக்கல?"

பக்கத்துப் படகுக்காரர் அவனைவிடப் பலமாகச் சிரித்தார். "இது நாலு எழுத்து படிச்சிட்டு வந்து பரணி செஞ்சதயே நொட்ட சொல்லுது பாரு."

அன்று பரணி கேட்கவில்லை. அந்த ஒன்றைச் சொன்னால் பெட்டிகள் இறங்கிவிடும். நாக்கின் நுனிவரை வந்தது. நான் சொல்லவில்லை. சொல்லாதே என்று பரணி கேட்டுக்கொண்டான் என்பது ஒரு சாக்கு. அண்ணி பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பிடியை நினைத்துப் பயந்தேன். அதுதான் உண்மை.

அன்றே பரணிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பார்த்ததை எல்லாம் எழுதினேன். உதயா சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதினேன். அடுத்த மழைக்காலம் தொடங்குகிறது, நீ வந்து சொன்னால்தான் நம்புவார்கள், வேறு யார் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் எழுதினேன். மில்லுக்குப் போன் செய்தேன். ஷிஃப்டில் இருக்கிறான் என்றார்கள். அக்டோபர் போனது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. காற்று அடிக்கும் ஒவ்வொரு விடியலிலும் நான் எழுந்து மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. தெரியாத எண். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நான்கு துண்டாக வந்ததைச் சேர்த்துப் படித்தேன்:

"குப்பத்துல கீறேன். அண்ணிகிட்ட சொல்லிட்டேன். உதயாவும் இருந்தான், அடிச்சான். அண்ணி ஒண்ணும் சொல்லல, உள்ள போய் கதவ சாத்திகினாங்க. அம்மா நான் இருக்கற பக்கமே திரும்பல. ஒவ்வொரு போட்டா ஏறி பொட்டிய கழட்டிகினு கீறேன். பதினாலு ஆச்சு. யாரும் தடுக்கல. யாரும் பேசல."